வேஷமும் உடையும்

தமிழ் நாடக மேடையின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்தார். ஜனங்கள் 'ஔவை' என்ற பெயரையே அவருக்குப் பட்டமாகச் சூட்டிவிட்டார்கள். ஆண்பிள்ளை ஒருவருக்குக் கிழவியின் பெயர்! அதைக் கௌரவமாக நினைத்தவர்கள் நாம். அதே சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு திருநங்கை தெருவில் நடந்தபோது கேலி செய்து சிரித்தவர்களும் நாம்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் வழங்கிய தீர்ப்பைப் படித்தேன். தான் எந்தப் பாலைச் சேர்ந்தவர் என்று தாமே உணர்ந்து, அதை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது, அரசியல் சாசனத்தின் 19-வது ஷரத்து தரும் பேச்சுரிமையில் அடங்கும் என்கிறது அது. உடையும் ஒரு பாஷை என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டது எழுத்தாளனுக்குச் சந்தோஷம் தரும் செய்தி.

இதன் அருமை தெரிய 1871-ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். முதலில் வட இந்தியாவில் அமலான அந்தச் சட்டம் 'அலிகள்' என்று சிலரைப் பதிவேட்டில் ஏற்றியது. அவர்கள் பெண் உடையில் பொதுத் தெருவில் தென்பட்டாலும், கூலிக்கு ஆடினாலும், இரண்டு வருஷம் வரை சிறை என்றது. ஆட்டத்தையும் வாழ்க்கையையும் ஒரே கயிற்றில் கட்டிக் குற்றமாக்கியது அது. 2014-ஆம் வருஷத் தீர்ப்போ உடையை உரிமையாக்கியது.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. 19-வது ஷரத்தின் இரண்டாவது உட்பிரிவு சொல்லும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே இந்த உரிமை என்கிறது தீர்ப்பு. அந்தக் கட்டுப்பாடுகளில் கண்ணியமும் ஒழுக்கமும் இருக்கின்றன. யாருடைய கண்ணுக்குக் கண்ணியம்? சிரித்த அதே தெருவின் கண்ணுக்கா? முன் வாசலில் கொடுத்ததைப் பின் வாசல் வழியாகப் பறிக்க இடம் இருக்கிறது.

மேடையில் நடிப்பவர் ஆட்டம் முடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறார். திருநங்கைக்குக் கலைப்பதற்கு வேஷம் ஏது? இரண்டையும் ஒரே ஷரத்து காப்பாற்றலாம். இரண்டும் ஒன்று என்று வாசகன் நினைத்துவிடக் கூடாது. இந்த வித்தியாசத்தை எனக்கு உணர்த்தியது 1990-களில் வந்த சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி'. அதில் வரும் சுயம்பு உடுத்துகிற சேலையை வேஷம் என்று நம்மால் நினைக்க முடியவில்லை. நாவலின் நடையில் எனக்குப் பல ஆட்சேபணைகள் உண்டு. அவசரமும் ஆவேசமும் அதிகம். ஆனால் படித்து முடித்தவன் அப்புறம் தெருவில் சிரிக்கக் கூசுவான். தீர்ப்பு செய்ய முடியாத அந்தக் காரியத்தை நாவல் செய்துவிடுகிறது.