மூன்று அடி கூடினால் போதும்

13 அடி டிரெய்லரில் வார இறுதியைக் கழிப்பது சுகம். அதே டிரெய்லரை இழுத்துக்கொண்டு டொராண்டோவில் கிளம்பி, சுப்பீரியர் ஏரியின் வடகரையைச் சுற்றி, மானிட்டோபா, சஸ்காட்சுவன் சமவெளிகளைக் கடந்து பான்ஃப் மலைகள் வரை போவது வேறு. ஒரு வழிக்கே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நடுவில் நாள் முழுக்க மழை பெய்யும். ஒருவருக்குக் காய்ச்சல் வரும். ஒருவர் தூங்கும்போது மற்றவருக்குக் காப்பி போட வேண்டியிருக்கும். வார இறுதியில் கண்ணில் படாத குறைகளெல்லாம் இரண்டாவது வாரத்தில் தெரியவரும்.

எங்கள் வீட்டில் 13 அடி ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கொஞ்சம் பெரியதாக, ஆனால் இப்போதிருக்கும் காரை மாற்றாமல் இழுக்கக்கூடியதாக ஒன்று வேண்டும் என்று தேடியதில் கண்டதுதான் இந்தக் கட்டுரை. பார்த்தவை மூன்று: மினசோட்டாவின் பாக்கஸ் என்ற சிற்றூரில் செய்யப்படும் ஸ்கேம்ப் 16, டெக்சஸின் ரைஸ் நகரில் செய்யப்படும் கசீட்டா 17, பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்லிவாக்கிலிருந்து வரும் எஸ்கேப் 19. இவற்றைப் பெரும்பாலும் கடைகளில் வரிசையாக நிறுத்தி விற்பதில்லை. தொழிற்சாலையிடமே நேரடியாக ஆர்டர் கொடுத்துக் காத்திருந்து வாங்குகிறார்கள். அதனால் நான் பார்த்ததெல்லாம் முகாம்களில், உரிமையாளர்களின் அனுமதியோடு. இந்த டிரெய்லர்காரர்கள் தாராள மனசுக்காரர்கள். கேட்டால் கதவைத் திறந்துவிட்டு, படுத்துப் பார்க்கவும் சொல்வார்கள்.

இந்த வகை டிரெய்லர் பிறந்தது கனடாவில். 1968இல் வினிப்பெக்கில் ரே ஒலெக்கோ உருவாக்கிய போலர்தான் முன்னோடி. அச்சில் வார்த்த ஃபைபர்கிளாஸ் ஓடுகள் இரண்டு, மேலொன்று கீழொன்றாக இடுப்பு உயரத்தில் சேரும். கூரையில் மூட்டு கிடையாது. மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்துச் செய்யும் சாதாரண டிரெய்லரின் ஆயுளைக் குறைப்பது கூரை மூட்டு வழியாகக் கசியும் மழைநீர். அது உள்ளே இறங்கி மரத்தை உளுக்க வைப்பது வெளியே தெரியாது. ஃபைபர்கிளாஸ் ஓட்டிலும் சன்னல், கூரைத் துவாரம், ரிவெட் துளை வழியாக நீர் வரலாம். ஆனால் கசியும் இடங்கள் குறைவு, கண்டுபிடிப்பதும் எளிது. எழுபதுகளில் செய்தவை இன்றும் சாலையில் ஓடுவதற்கும், பழைய டிரெய்லருக்கும் நல்ல விலை கிடைப்பதற்கும் இதுதான் காரணம்.

இனி அளவு. 13 அடி என்பது இழுவைக் கொக்கி வரைக்குமான மொத்த நீளம். மனிதர் புழங்கும் கூடு ஏறக்குறைய 10 அடிதான். 16 அடி டிரெய்லரில் அந்தக் கூடு 13 அடியாகிறது. கொக்கிப் பகுதி அதேதான், அகலமும் அதேதான். கூடிய மூன்று அடியும் முழுக்க நமக்கு வந்து சேர்கிறது. உட்காரும் மேசை ஒரு பக்கம், விரித்தபடியே இருக்கும் படுக்கை ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவே கழிவறை, அடுப்பு என்று பிரிக்க அந்த மூன்றடி போதுமானதாக இருக்கிறது.

நீண்ட பயணத்தில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் படுக்கைதான். 13 அடியில் மேசைதான் படுக்கை. இரவில் மேசையை இறக்கி, மெத்தைத் துண்டுகளை அடுக்கி, விரிப்பு போட்டு, தலையணை தேட வேண்டும். காலையில் எல்லாவற்றையும் சுருட்டி வைத்த பிறகுதான் காப்பிக் கோப்பையை வைக்க இடம் கிடைக்கும். இரண்டு நாளைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மூன்று வாரம் தினமும் செய்தால் மனிதரைச் சோர வைக்கும். ஸ்கேம்ப் 16, கசீட்டா 17 இரண்டிலும் பின்னாலிருக்கும் பெரிய மேசையை நிரந்தரமாகப் படுக்கையாக்கிவிட்டு, பக்கவாட்டில் இரண்டு பேர் உட்காரும் சிறு மேசையில் சாப்பிடும் அமைப்பு கிடைக்கிறது. என் வாக்கு அதற்குத்தான். சுழலும் நாற்காலி, சோபா என்று வேறு அமைப்புகளும் உண்டு. படத்தில் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் மழை நாளில் ஒருவர் படுத்திருக்க மற்றவர் உட்கார்ந்து படிக்க முடிகிறதா என்பதுதான் நான் வைத்துக்கொண்ட சோதனை.

படுக்கையில் இன்னொன்றும் உண்டு. இந்த டிரெய்லர்களில் படுக்கை பெரும்பாலும் குறுக்காகத்தான் இருக்கும், அதாவது இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. உள்பக்கம் படுப்பவர் நடு இரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ஆறடிக்கு மேல் உயரம் உள்ளவருக்குக் கால் சுவரில் இடிக்கும். ஆகவே வாங்குபவர்கள் இருவரும் சேர்ந்தே படுத்துப் பாருங்கள், சேர்ந்தே எழுந்தும் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கசீட்டாவின் லிபர்ட்டி அமைப்பு உதவும். நீளவாட்டில் இரண்டு தனிப் படுக்கைகள், நடுவே நடக்க வழி, வேண்டுமானால் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம்.

குளியலறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழிப்பறையும் ஷவரும் ஒரே அறைதான். குளித்தால் எல்லாம் நனையும், துடைத்துவிட்டு வர வேண்டும். பல முகாம்களில் குளிக்கும் இடம் இருக்கும். இதன் உண்மையான பயன் இரவு இரண்டு மணிக்கும் மழையிலும்தான் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், முழங்கால் இடிக்காவிட்டால் சரி.

தண்ணீர்த் தொட்டியை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஸ்கேம்பில் வழக்கமாக வரும் நல்ல தண்ணீர்த் தொட்டி 12 அமெரிக்க கேலன், அதாவது 45 லிட்டர். கசீட்டா 17இல் சுமார் 25 கேலன், ஏறக்குறைய 95 லிட்டர். சிக்கனமாக இருந்தால் இரண்டு பேருக்கு முதல் தொட்டி இரண்டு நாள் வரும், இரண்டாவது நான்கைந்து நாள் வரும். குழாய் வசதியில்லாத இடங்களில் தங்க நினைப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியை நிரப்பிக்கொண்டு ஓட்டினால் கசீட்டாவுக்கு 95 கிலோ கூடிவிடும்.

வாங்குபவர்களில் பலர் சறுக்குவது இந்த எடைக் கணக்கில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விளம்பரத்தில் போடும் எடை காலி டிரெய்லரின் எடை. ஸ்கேம்ப் 16 வசதிகளைப் பொறுத்து 800 முதல் 1,200 கிலோ வரை இருக்கும். கசீட்டா 17 ஆயிரத்தைத் தாண்டும், உச்ச வரம்பு 3,500 பவுண்டு, அதாவது 1,588 கிலோ. அதில் பேட்டரி, கேஸ் சிலிண்டர், தண்ணீர், அரிசிப் பை, குக்கர், கம்பளி எல்லாம் ஏறினால் 1,350 கிலோவை எளிதாக எட்டிவிடும்.

நம் மினிவேன் 3,500 பவுண்டு இழுக்கும் என்று கம்பெனி சொல்கிறதே, போதாதா? டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிஸி இரண்டுக்கும் அதுதான் வரம்பு. ஆனால் கவனிக்க வேண்டிய எண் வேறு. டிரெய்லர் சாலையில் வாலாட்டாமல் நேராக வர, அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கம், காரின் பின்னால் பொருத்திய ஹிட்ச் பந்தின் மேல் அழுந்த வேண்டும். பாரம் பின்பக்கம் சாய்ந்தால் வேகத்தில் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும், அந்த ஆட்டம் கூடிக்கொண்டே போய்க் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். 1,350 கிலோ டிரெய்லரில் 13 சதவீதம் என்றால் 175 கிலோ. 3,500 பவுண்டுக்கான இரண்டாம் வகை ஹிட்ச் தாங்குவதோ 350 பவுண்டு, அதாவது 159 கிலோ. இழுக்கும் வரம்புக்குள் இருந்துகொண்டே அழுத்தும் வரம்பைத் தாண்டிவிட்டோம்.

அடுத்து, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். ஆட்களும் சரக்குமாகக் கார் தாங்கும் மொத்த எடை அதில் இருக்கும். 520 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் 280, காரின் பின்னால் பெட்டிகள் 90, ஹிட்ச் பாரத்தை அதன் வரம்பளவுக்குக் குறைத்தாலும் 160. கூட்டினால் 530. வரம்பு அங்கேயும் போயிற்று. டிரெய்லர் விற்பவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். நாம்தான் போட வேண்டும். லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை அமெரிக்காவிலும் கனடாவிலும் உண்டு. காரின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு கொடுப்பார்கள். பயணச் சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு ஒரு தடவை அங்கே நிறுத்தினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எஸ்கேப் 19 எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நிரந்தரமான பெரிய படுக்கை, தடித்த மெத்தை, உள்ளே நின்று சமைக்கத் தாராளமான இடம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் காலி எடையே சுமார் 1,400 கிலோ, அச்சுகள் இரண்டு. 5,000 பவுண்டு இழுக்கும் ஹோண்டா பைலட், டொயோட்டா ஹைலேண்டர் போன்ற வண்டி வேண்டும். ஹைலேண்டரிலும் ஹைப்ரிட் வகைக்கு 3,500தான் என்பதை மறக்க வேண்டாம். இரட்டை அச்சு நெடுஞ்சாலையில் நிதானமாக வரும், ஒரு டயர் வெடித்தாலும் நிலை குலையாது. அதற்கு விலையும் உண்டு. நான்கு டயர் மாற்ற வேண்டும், அமெரிக்கச் சுங்கச் சாலைகள் பலவற்றில் அச்சைக் கணக்கிட்டுத்தான் கட்டணம். ஒற்றை அச்சு டிரெய்லரைச் சமதளத்தில் இரண்டு பேர் கையால் தள்ளித் திருப்பிவிடலாம். இரட்டை அச்சில் அது நடக்காது.

எரிபொருளைப் பொறுத்தவரை, நெடுஞ்சாலை வேகத்தில் எடையைவிடக் காற்றுத் தடைதான் அதிகம் தின்கிறது. 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கும் 110இல் போகிறவருக்கும் செலவில் நல்ல வித்தியாசம் தெரியும். ஸ்கேம்ப் 13க்கும் 16க்கும் அகலம் ஒன்றுதான், அதனால் மூன்றடி கூடியும் பெட்ரோல் செலவு பயந்த அளவுக்குக் கூடாது. மேலும் டிரெய்லர் டயர் வேகத்துக்காகச் செய்ததில்லை. தேய்மானம் தெரியாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிட வேண்டும். பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் பொறித்திருக்கும்.

பழையது வாங்குபவர்கள் கதவருகே தரையை அழுத்தி மிதித்துப் பாருங்கள். ஓடு ஃபைபர்கிளாஸ் என்றாலும் தரைப் பலகை மரம்தான், மெத்தென்று அமுங்கினால் ஊறிப்போயிருக்கிறது. அச்சுக்குள் ரப்பர்தான் ஸ்பிரிங் வேலை செய்கிறது. வயதானால் ரப்பர் இறுகி, டிரெய்லர் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும். அச்சை மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும். பிரேக்கையும் சோதியுங்கள். ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ உள்ள டிரெய்லருக்கு அதன் சொந்த பிரேக் கட்டாயம். என்னைக் கேட்டால், மலைச்சாலைக்குப் போகும் எந்த டிரெய்லருக்கும், எடை எவ்வளவாக இருந்தாலும், மின்சார பிரேக் வேண்டும்.

சமையலுக்கு ஒரு வார்த்தை. நம் தாளிப்பு இந்தச் சின்னக் கூட்டுக்குள் மெத்தையிலும் திரையிலும் ஏறிவிடும், நாலு நாளானாலும் போகாது. கூரை விசிறி கட்டாயம் வாங்குங்கள். மீனும் மிளகாயும் வெளியே மடக்கு அடுப்பில் வதங்கட்டும்.

என் முடிவு இது. இரண்டு பேர், மினிவேன் அல்லது நடுத்தர எஸ்யூவி, இரண்டு மூன்று வாரப் பயணம் என்றால் பின்னால் நிரந்தரப் படுக்கையும் பக்கவாட்டு மேசையும் உள்ள ஸ்கேம்ப் 16. தண்ணீர் வசதியில்லாத இடங்களில் அதிகம் தங்குபவர்கள், ஹிட்ச் பாரம் 200 கிலோ தாங்கும் வண்டி இருந்தால் மட்டும், கசீட்டா 17. குழந்தைகள் இருந்து, 5,000 பவுண்டு வண்டியும் இருந்தால் எஸ்கேப் 19. வண்டியை மாற்றித்தான் டிரெய்லர் வாங்க வேண்டும் என்ற நிலை வந்தால், முதலில் உங்கள் கதவுத் தூணில் உள்ள அந்த எண்ணைப் பார்த்துவிட்டு டிரெய்லரைத் தேடுங்கள்.