தோள், இடுப்பு, பக்கவெளிச்சம்

1885 முதல் சென்னை அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில் படங்களும் உண்டு. அந்தக் காலத்து இனவரைவியல் கேமரா பெரும்பாலும் ஆளை விறைப்பாக நிறுத்தி, முன்னாலிருந்து சமமான வெளிச்சம் கொடுக்கும். அளப்பதற்கு அது தோது. ஆனால் நெஞ்சின் மேடும் தோளின் சரிவும் தட்டையாகிவிடும். உடலின் கம்பீரம் முதலில் தொலைவது அங்கேதான்.

அதை மீட்டவர்களில் நான் முதலில் வைப்பது கொழும்பின் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட்டை (1900–1944). சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர், '43 குழு' என்ற கலைஞர் குழுவை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருடைய ஆண் உடல் படங்களில் வெளிச்சம் பக்கத்திலிருந்து வருகிறது. பாதி உடல் நிழலில் கிடக்க, மீதிப் பாதியில் விலாவும் தோளும் திரண்டு எழுகின்றன. சில படங்களில், உருத்துலக்கும்போதே மறுபடி ஒளி காட்டி விளிம்பில் கோடு வரவைத்தார். நிற்பவரின் எடை ஒரு காலில் இறங்க, இடுப்பு லேசாக ஒடிந்து, தலை தளர்ந்திருக்கிறது. நம் செப்புத் திருமேனிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த நிலை அந்நியமில்லை. மார்பை நிமிர்த்திக் காட்டுவதைவிட இந்தத் தளர்வில்தான் தன்னம்பிக்கை கூடுதலாகத் தெரிகிறது. பயந்த உடலுக்கு எடையை ஒரு காலில் விட மனம் வராது.

ஆனால் ஒரு குறை என்னை உறுத்துகிறது. வெண்ட்டின் பெயர் நிற்கிறது. நின்றவர்களில் பலருடைய பெயர் இல்லை.

நிற்பவருக்குச் சொல் இல்லாத இந்த நிலையை, பெங்களூருவின் கலைஞர் புஷ்பமாலா நேரடியாகக் கையில் எடுத்தார். புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000–2004இல் செய்த படவரிசையில், பழைய அளவெடுப்புப் படங்களைப் போலக் கட்டம் போட்ட திரைக்கு முன் தோடர் பெண்ணாகத் தானே நின்றார். சிற்பம் படித்தவர் அவர். எப்படி நிற்பது என்ற முடிவு, நிற்பவரின் கைக்கு வந்தது.

மதுரைப் பக்கத்து ஜவகர்லால்புரத்திலிருந்து வந்த புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார், மீன் விற்கும் தன் தாயைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்தார். ஸ்டுடியோவும் இல்லை, மாடலும் இல்லை. இருந்தும் உடலின் கண்ணியம் குறையவில்லை.

எங்கள் திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) தொழிலாளிகளுக்கு எழுத்தில் இடம் கிடைத்துவிட்டது. அவர்களைப் பற்றிய டி. செல்வராஜின் 'தோல்' நாவல் 2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. சுண்ணாம்புக் குழியிலிருந்து ஈரத்தோலைத் தூக்கும் முதுகையும் முன்கையையும் காலைக் கிழக்கு வெளிச்சத்தில் யாராவது எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கேமராவை இடுப்புயரத்துக்கு இறக்கினாலே ஆள் உயர்ந்து தெரிவார். ஆனால் படத்தின் கீழே அவர் சம்மதித்த பெயர் இருக்கட்டும். எப்படி நிற்பது என்பதை அவர் சொல்லட்டும். எடுத்ததை முதலில் அவர் பார்த்து, பிடிக்காததை விலக்கட்டும்.