மேடிசன் எப்படி உயிரோடு இருக்கிறாள்?

ஜாம்பிகள் மூளையைத் தின்பவை, அவளுக்கு மூளை கிடையாது, ஆகவே பிழைத்துக்கொண்டாள். 2019இல் வெளிவந்த ‘ஜாம்பிலேண்ட்: டபுள் டேப்’ படத்தில், மேடிசன் என்ற பெண்ணைப் பற்றி டல்லஹாசி அடிக்கும் கிண்டலின் சாரம் இது. அவள் எப்படி உயிரோடு இருக்கிறாள் என்பது நல்ல கேள்வி. படம் அதற்குத் தரும் பதில்தான் பொய்.

2009இல் வந்த முதல் படத்தை இயக்கிய ரூபன் ஃபிளைஷரே இதையும் இயக்கினார். உலகம் அழிந்து பத்தாண்டு ஆகிவிட்டது. கொலம்பஸ், டல்லஹாசி, விச்சிட்டா, அவள் தங்கை லிட்டில் ராக் ஆகிய நால்வரும் வெள்ளை மாளிகையில் குடியேறுகிறார்கள். கொலம்பஸ் புகழ்பெற்ற ஹோப் வைரத்தை நீட்டி விச்சிட்டாவிடம் திருமணம் பேசுகிறான். அவள் தங்கையை அழைத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறாள். ஒரு மாதம் கழித்து, பாழடைந்த வணிக வளாகம் ஒன்றில் மேடிசன் தென்படுகிறாள். இளஞ்சிவப்பு உடையும் ஓயாத பேச்சுமாய் வரும் அவள், அங்குள்ள தயிர் ஐஸ்கிரீம் கடையின் குளிர் அறையில் வாழ்ந்துவருகிறாள். கூட்டம் இல்லை, கூட ஓர் ஆண் இல்லை.

இப்போது கொலம்பஸை நினைத்துப் பாருங்கள். கொள்ளை நோய்க்கு முன்பே மனிதர்களுக்கு அஞ்சி அறைக்குள் அடைந்து கிடந்தவன் அவன். அந்த அச்சமே தன்னைக் காத்தது என்று முதல் படத்தில் அவனே சொல்கிறான். அவனுடைய அச்சங்கள் எண்ணிட்ட விதிகளாகித் திரையில் எழுத்துகளாய் மிதக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் இந்தப் படத்தின் தலைப்பு: வீழ்ந்ததை இன்னொரு முறை சுட்டு உறுதிசெய். அவன் கதவைச் சாத்திக்கொண்டால் அது அறிவு. அவள் சாத்திக்கொண்டால் அது நகைச்சுவை. இருவரும் செய்தது ஒன்றே. கதை சொல்லும் குரல் மட்டும் அவனுடையது.

தொல்காப்பியம் நகை பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறது. அவற்றுள் ஒன்று மடன். அதே நூல் அச்சம், நாணம் ஆகியவற்றோடு சேர்த்துப் பெண்ணுக்கு உரியதாகச் சொல்வதும் மடன். எந்தப் பண்பைப் பெண்ணிடம் எதிர்பார்த்தார்களோ அந்தப் பண்புக்கே சிரிக்கவும் செய்தார்கள். வேறொரு மொழியில், வேறொரு நாட்டில் எடுத்த படத்தைப் பார்க்கும்போதும் இந்தக் கணக்கு நமக்குப் புதிதாகத் தெரியவில்லை.

ஜாம்பிப் படங்களில் இந்த மடன் கைமாறி வந்த கதை ஒன்று உண்டு. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்தில் பார்பரா அதிர்ச்சியில் உறைந்து, பெரும்பாலான நேரம் செயலற்றுக் கிடக்கிறாள். 1990இல் அதே கதை மீண்டும் படமானபோது, ரொமேரோ எழுதிய திரைக்கதையில் அவள் துப்பாக்கி ஏந்தி உயிரோடு வெளியேறுகிறாள். விச்சிட்டா அந்தப் புதிய பார்பராவின் வாரிசு. முதல் படத்தில் ஆண்களை ஏமாற்றி அவர்களுடைய வண்டியையும் துப்பாக்கியையும் பறித்தவள். நாயகி கெட்டிக்காரி ஆகிவிட்டாள், நல்லதுதான். ஆனால் அவளிடமிருந்து கழற்றிய மடனைத் திரைக்கதை தூக்கி எறியவில்லை, இன்னொரு பெண்ணுக்கு அணிவித்துவிட்டது. திரும்பி வரும் விச்சிட்டாவுக்கு இங்கே மிஞ்சிய வேலை, மேடிசனைப் பார்த்து முகம் சுளிப்பதும் குத்திப் பேசுவதும். இறுதியில் வைரத்தையும் திருமணத்தையும் ஏற்கிறாள். அரசும் பணமும் அழிந்த உலகில் கல்யாணமும் சக்களத்திச் சண்டையும் மட்டும் அழியாமல் நிற்கின்றன.

மேடிசனாக நடித்த ஸோயி டாய்ச்தான் படத்தின் உயிர் என்று விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். உண்மைதான். ஒரு நொடி பிசகாத அவருடைய நேரக்கணக்கு கூர்மையான அறிவின் வேலை. முட்டாளாக நடிக்க எத்தனை அறிவு வேண்டும் என்பதை அவர் காட்டிவிடுகிறார். அதனாலேயே, எழுதப்பட்ட பாத்திரம் எவ்வளவு சோம்பேறித்தனமானது என்பதும் தெரிந்துவிடுகிறது. நெவாடா ராட்சத வண்டியில் வந்து எல்லோரையும் காப்பாற்றுகிறாளே, லிட்டில் ராக்கும் குறி தவறாமல் சுடுகிறாளே என்று கேட்கலாம். மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஈட்டும் மதிப்பு ஆயுதத்தின் வழியே வருகிறது. ஆயுதமின்றிப் பிழைத்தவளுக்கு அந்த மதிப்பு இல்லை.

வழியில் மேடிசனுக்கு வாந்தி வருகிறது, முகம் மாறுகிறது. ஜாம்பியாகிறாள் என்று முடிவுகட்டி, கொலம்பஸ் அவளைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறான். வெடிச்சத்தம் கேட்கிறது. அவன் மட்டும் திரும்பி வருகிறான். பயணம் தொடர்கிறது, கிண்டலும் தொடர்கிறது. பிறகு ஐஸ்கிரீம் வண்டியை ஓட்டிக்கொண்டு அவளே வந்து நிற்கிறாள். வந்தது ஜாம்பி நோயல்ல, கொட்டைகளால் வந்த ஒவ்வாமை. ஒரு பெண்ணின் உடல் சொல்வதை யாரும் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்ற கொடுமை, இங்கே ஒரு துணுக்காகக் கடந்துபோகிறது.

‘வெறும் சிரிப்புப் படம்தானே’ என்பார்கள். சிரிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த முறை ஒரு ‘முட்டாள் பெண்’ திரையில் வரும்போது, அவள் எதையெல்லாம் தாண்டி அந்தக் காட்சிவரை வந்திருக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். நோய், பசி, தனிமை, குளிர், கூட்டாளிகள். மேடிசன் ஐந்தையும் தாண்டியவள். அவளுக்கும் விதிகள் இருந்திருக்கும். எழுதிக்கொள்ளத்தான் யாரும் கேட்கவில்லை.