கொதிக்காத தண்ணீரில் தேத்தண்ணி: வடிகட்டிப் போத்தல் யாழ்ப்பாணத்துக்குச் சரிவருமா?

சூடு தாங்கும் கண்ணாடியில் செய்த 750 மில்லிலீற்றர் போத்தல். கழுத்திலே கழற்றி மாட்டக்கூடிய சிலிக்கன் வாய், அதன் உள்பக்கம் மெல்லிய வலை. தேயிலையைப் போட்டு, தண்ணீரை நிரப்பி, இரவு குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் காலையில் தேயிலை உள்ளே நிற்க, சாயம் மட்டும் குவளைக்கு வரும். ஜப்பானியர் பச்சைத் தேயிலையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் குடிப்பது பழைய வழக்கம். 1921 இல் தொடங்கிய ஹரியோ என்ற கண்ணாடி நிறுவனம் இந்த வகைப் போத்தலை உலகம் முழுவதும் கொண்டுபோனது. இப்போது அதே அமைப்பில் பலரும் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது ரொறன்ரோவிலிருந்து வந்த சொந்தக்காரரின் பெட்டியில் வந்த, அவ்வளவாகப் பெயர் தெரியாத ஒன்று. சித்திரை, வைகாசி வெயில் முழுவதும் அதோடுதான் கழிந்தது. போத்தல் நல்லது, தேத்தண்ணி மிக நல்லது. ஆனால் குடாநாட்டில் இதன் ருசியைத் தீர்மானிப்பது உள்ளே ஊற்றும் தண்ணீர்தான். போத்தலோடு வரும் தாளில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை.

ஐஸ் ரீ என்று நாங்கள் அறிந்தது பெரும்பாலும் சூடாக ஊற்றி, ஆறவைத்து, ஐஸ் போட்டது. 1904 இல் அமெரிக்காவின் சென். லூயிஸ் உலகக் கண்காட்சியில் பேர்பெற்றதும் அந்த வகைதான். கடும் சாயத்தைக் குளிரவைத்தால் கலங்கிப்போகும். தேயிலையின் கஃபீனும் பொலிபீனோல்களும் ஒன்றோடொன்று பிணைந்து, குளிரில் கரையாமல் திரள்வதே காரணம். கூடவே நாக்கைப் பிடிக்கும் கயரும் வரும். அதை மறைக்கச் சீனியை அள்ளிப் போடுகிறோம். குளிர்ந்த நீரில் ஊறும்போது கயரைத் தரும் பொருள்களும் கஃபீனும் குறைவாகவே இறங்குகின்றன. மென்மையான இனிப்பைத் தரும் அமினோ அமிலங்கள் ஆறுதலாக, ஆனால் போதியளவு இறங்கிவிடும். காலையில் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் தெளிந்து நிற்கும். சீனி இல்லாமலே குடிக்கலாம்.

இனித் தண்ணீர். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அதைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிவது அந்தச் சுண்ணாம்புதான். அதே தண்ணீரில் போட்ட வெறுந்தேத்தண்ணி கறுத்து, மங்கி, மேலே மெல்லிய ஆடை கட்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரி வேதியியலாளர் மைக்கேல் ஸ்பைரோ 1990களில் அந்த ஆடையை ஆராய்ந்தார். தண்ணீரிலுள்ள கல்சியமும் பைகாபனேற்றும் சேர்ந்திருக்க, தேயிலையின் பொலிபீனோல்கள் காற்றோடு பட்டு ஒட்சியேறுவதால் அது உண்டாகிறது. தேசிக்காய்ப் புளி பட்டால் ஆடையும் கட்டாது, நிறமும் வெளிறும்.

போத்தலுக்கு நான் கண்ட நல்ல வழி, கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, மூடி, இரவு முழுக்கத் தெளியவிடுவது. கொதிக்கும்போது பைகாபனேற்று உடைந்து சுண்ணாம்பின் ஒரு பங்கு அடியில் படிந்துவிடும். கலக்காமல் மேலே உள்ளதை மட்டும் ஊற்றிக்கொண்டால் சாயம் பளிச்சென்று இறங்குகிறது. கடைகளில் விற்கும் ஆர்ஓ தண்ணீரில் நிறம் இன்னும் துலக்கமாக வந்தது; ஆனால் ருசியில் ஒரு வெறுமை. கொதித்துத் தெளிந்த கிணற்றுத் தண்ணீரையே நான் தெரிவுசெய்வேன். கரையோரக் கிணறுகளின் சவர்த் தண்ணீருக்கு இந்த வழி உதவாது. கொதித்தால் உப்பு போகாது. நல்ல தேயிலைதான் வீணாகும்.

கொதிக்கவைப்பதற்கு ருசியைவிடப் பெரிய காரணமும் உண்டு. கேத்தலில் ஊற்றும் தேத்தண்ணிக்குக் கொதிதண்ணீரே காவல். இந்த முறையில் அந்தக் காவல் இல்லை. மலசலகூடக் குழிகளும் கிணறுகளும் அருகருகே கிடக்கும் ஊர் இது. நெருப்புக்காய்ச்சல் எங்களுக்குப் புதிதில்லை. போத்தலின் வலை தேயிலையைத்தான் மறிக்கும், கிருமியை மறிக்காது. வெங்காயத் தோட்டங்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் போட்ட பசளையிலிருந்து கிணற்றில் சேரும் நைத்திரேற்றும் கொதித்தால் போகாது. அந்தச் சந்தேகம் உள்ள இடங்களில், முக்கியமாகக் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில், குடிக்கும் தண்ணீர் முழுவதற்குமே வேறு வழி பார்க்கவேண்டும். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. குழாய் வந்த வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்துச் சொன்னால் நல்லது.

தேயிலை விசயத்தில் இந்தப் போத்தலுக்குப் பிடிவாதம் அதிகம். கடைப் பைக்கற்றுகளில் கூடுதலாகக் கிடைப்பது பிஓபிஎப் அல்லது டஸ்ட், அதாவது தூள். அது விரைவாகச் சாயம் விடும். நாலைந்து மணித்தியாலத்தில் கடுப்பமாகிவிடும். ஆனால் வலையின் கண்ணுக்குள்ளால் நுழைந்து குவளையின் அடியில் சேறு கட்டும். பெக்கோ, ஓபி போன்ற பெரிய இலை வகைகளே இதற்கு ஏற்றவை. ஒரு போத்தலுக்குப் பத்துக் கிராம் அளவு, எட்டு மணித்தியாலம். றுகுணைப் பக்கத்துப் பெரிய இலை கறுத்த, இனிப்பான சாயம் தரும். நுவரெலியா, திம்புலைத் தேயிலை இலேசான நிறம், பூவாசம். மேற்கு மலைகளில் ஆண்டின் சிறந்த கொழுந்து தையிலிருந்து பங்குனிவரை பறிக்கப்படுகிறது. அது கடைக்கு வந்துசேரும் நேரத்தில் இங்கே சித்திரை வெயில் தொடங்கியிருக்கும். விலை தூளைவிடக் கூட. ஆனால் பால், சீனி எதுவும் இல்லாமல் குடிக்கும்போது, மலையகத்தில் கொழுந்து பறித்த கைகளின் திறமை முழுதாக நாக்கில் தெரிகிறது. அதற்குக் கொடுக்கும் காசை நான் செலவென்று பார்க்கவில்லை.

குறைகளைச் சொல்லவேண்டும். சிலிக்கன் வாய் வாசத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒருமுறை இஞ்சி போட்டால் அடுத்தடுத்த போத்தல்களிலும் இஞ்சி மணக்கும். வாயைக் கழற்றி, மடிப்புக்குள் விரலை விட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்துத்தான் மாட்டவேண்டும். ஈரத்தோடு விட்டால் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். கழுத்து ஒடுக்கம், கைபோகாது, நீளத் தூரிகை ஒன்று தேவை. உயரமும் கூட. பழைய குளிர்சாதனப்பெட்டிகளின் கதவுத் தட்டில் நிமிர்ந்து நிற்பது கஷ்டம். படுக்கவைத்தால் ஒழுகவில்லை, ஆனால் தேயிலை முழுவதும் வலையில் வந்து அடைந்துகொள்கிறது.

“பிள்ளை, கொதிக்காத தண்ணியிலை தேயிலை இறங்குமே?” என்று மாமி முதலில் கேட்டா. இப்போது பின்னேரங்களில் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு அவவே ஊற்றிக் குடிக்கிறா. குளிர்ந்த தேத்தண்ணியில் சீனி இலகுவில் கரையாது. பனங்கட்டியைக் கடித்துக் குடிக்கும் எங்கள் பழக்கம் இதற்கு அளவெடுத்ததுபோலப் பொருந்துகிறது. சீனிதான் வேண்டும் என்பவர் பாகாகக் காய்ச்சிச் சேர்க்கலாம். தேசிக்காய் நாலு துளி போதும். நெல்லி ரசம் ஒரு கரண்டி சேர்த்தால் அது வேறொரு பானமாகவே மாறிவிடும், வந்தவர்களுக்குக் கொடுக்க அருமையானது. புதினா எனக்குப் பிடிக்கவில்லை. தேயிலையின் வாசத்தை அமுக்கிவிடுகிறது.

வாங்கலாமா? நாளாந்தம் குடிப்பவர், பெரிய இலைத் தேயிலை வாங்கத் தயாரானவர், வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் சொல்லி எடுப்பிக்கலாம். வலையும் வாயும் தனித்தனியாக வாங்கக்கூடிய வகையாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாம் போத்தலைக் கொதிநீரில் கழுவி, அதில் ஊறவைத்து, மெல்லிய வெள்ளைத் துணியால் வடித்தால் ருசியில் வித்தியாசம் காணமாட்டார்கள். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். துணியில் வடித்தது தூள் தேயிலைக்கு இன்னும் தெளிவாகவே இருந்தது. எதில் செய்தாலும் காலையில் தேயிலையைப் பிரித்துவிட்டு, அன்றைக்கோ மறுநாளோ குடித்து முடியுங்கள். கரண்ட் போய்ப் பெட்டி நெடுநேரம் சூடேறிக் கிடந்தால் யோசிக்காமல் ஊற்றிவிடுங்கள்.