முன்வேலைக் கட்டத்தை யார் நிரப்புவது?



திட்ட மேலாண்மைப் பாடத்தில் வரும் பயிற்சிக் கணக்கு ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். வேலைகளுக்கு ஏ, பி, சி என்று பெயர். பக்கத்தில் ‘முன்வேலை எது’, ‘எத்தனை நாள்’ என்று இரண்டு கட்டங்கள். மாணவர் வலைப்படம் வரைவார், நாள்களைக் கூட்டுவார், கிரிட்டிக்கல் பாத் இதுதான் என்று கோடு போடுவார். முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அவரிடமே கல்லூரிப் பொங்கல் விழாவை ஒப்படைத்தால், “எங்கேருந்து ஆரம்பிக்கிறது டீச்சர்?” என்பார்.

குறை மாணவரிடம் இல்லை. எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடத்திலேயே கஷ்டமான பகுதி. அதை நாமே நிரப்பிக் கொடுத்துவிடுகிறோம். மீதி வெறும் கூட்டல் கணக்கு.

இந்த முறை பிறந்த கதையும் இதையே சொல்கிறது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனமும் சேர்ந்து இதை உருவாக்கின. கணக்குப் போட அப்போதே யூனிவாக் கணினி இருந்தது. வேலைகளின் வரிசையைச் சொல்ல மட்டும் மனிதர்கள் தேவைப்பட்டார்கள். நாம் இன்று மாணவருக்குக் கொடுப்பது கணினி செய்த பங்கைத்தான்.

பொங்கல் விழாவையே கணக்காக்கிப் பார்ப்போம். கல்லூரி அனுமதி 10 நாள், மண்டபப் பதிவு 3, அழைப்பிதழ் அச்சடிக்க 5, விநியோகிக்க 7, நடன ஒத்திகை 20 நாள். இவ்வளவுதான் கொடுக்க வேண்டும். முன்வேலைக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

பலர் உடனே, “ஒத்திகைதான் நீளம், அதுதான் கிரிட்டிக்கல்” என்பார்கள். கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் மண்டபம் கிடைக்காது. இடம் தெரியாமல் அழைப்பிதழ் அச்சடிக்க முடியாது. அச்சடிக்காமல் விநியோகம் ஏது? இந்தச் சங்கிலி 25 நாள். ஒத்திகையை முதல் நாளே தொடங்கலாம் என்றால், அதற்கு 5 நாள் ஓய்வு நேரம் உண்டு. அனுமதி 2 நாள் தாமதமானால் விழாவே 2 நாள் தள்ளிப்போகும். நீளமான வேலை வேறு, நீளமான சங்கிலி வேறு என்பது அப்போதுதான் மனசில் பதியும்.

“ஆளுக்கொரு விடை எழுதுவார்களே, எப்படித் திருத்துவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு குழு, மண்டபம் முன்பே முடிவாகிவிட்டது, அனுமதி கிடைத்ததும் அச்சடிக்கலாம் என்று எழுதலாம். அதுவும் சரியே. காரணத்துக்குப் பாதி மதிப்பெண், அந்தக் காரணத்துக்குப் பொருந்தும் வலைப்படத்துக்கு மீதி என்று பிரித்துவிடுங்கள். திருத்த நேரம் கூடுதலாகும். ஆனாலும் யாருக்குப் புரிந்தது, யார் மனப்பாடம் செய்தார் என்பது தெரிந்துவிடும்.

மாணவர்களே, தேர்வில் கட்டம் நிரப்பியே வரலாம். அப்போதும் ஒவ்வொரு முன்வேலைக்கும் நேராக, ‘ஏன் காத்திருக்கணும்?’ என்று உங்களையே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தாமதம் பற்றிய கேள்வி வந்தால் பதில் தானாகவே வரும்.