மலைபடுகடாம்: ஒரு வழிநூல்

பெருங்கௌசிகனார் பாடிய 583 அடி மலைபடுகடாத்தை இயற்கை வருணனைக்காகப் போற்றுவதே பெருவழக்கு. நாம் அதனை வழிநூலாகவும் வாசிக்க விழைகின்றோம்.

நன்னனிடம் பரிசில் பெற்று மீண்ட கூத்தன், எதிர்வரும் கூத்தர்க்கு வழி கூறுகின்றான். பன்றிப்பொறிகள் உள்ளமையால் விடிந்தபின் செல்க. பாம்புறையும் குழிகளை விலகுக. கவண்கற்களுக்கு மரமறைவில் ஒதுங்குக. வழுக்கும் பாறையில் கொடிகளைப் பற்றுக. இரவில் குகையில் தங்குக என்கின்றான். வழி தப்பின் இசைக்கருவிகளை இயக்குக, கானவர் வந்து உதவுவர் என்னும் குறிப்பும் உண்டு.

நூலின் நோக்கம் நன்னன் புகழே எனச் சிலர் மறுக்கலாம். அவன் மலையின் இடர்களை மறையாது உரைப்பதாலேயே அப்புகழும் நம்பத்தக்கதாகின்றது.

1997 மே 23இல் மகேந்திரன், மோகனதாஸ் ஆகிய இருவரும் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியராயினர். அச்சாதனை போற்றத்தக்கது. ஆயின், உச்சியை மட்டும் பேசி வழியை மறக்கும் எழுத்து குறையுடையது.

புக்கிட் காசிங்கிலும் தாபூர் முகட்டிலும் ஏறும் கிள்ளான் பள்ளத்தாக்கு இளைஞர்க்கு வேண்டுவது வீரமொழி அன்று. மழைக்குப்பின் வழுக்கும் பாறை, போதிய குடிநீர், இருளுமுன் திரும்புதல், தனித்துச் செல்லாமை ஆகியன பற்றிய தெளிவே வேண்டும். முன்சென்றவன் பின்வருவோனுக்குக் கடமைப்பட்டவன் என்பதே ஆற்றுப்படையின் அறம். நம் மலையேற்ற எழுத்துகள் அதனை மீட்டெடுத்தல் வேண்டும்.