லிஸ்பனில் விட்டுப்போன வரவு

குளிர்காலத்தில், தனியாக, சிக்கனமாக லிஸ்பன் போய்வர ஒரு பயணக் கட்டுரை படித்தேன். ரூம் வாடகை குறையும், சனி ஞாயிறு போதும், 28-ம் நம்பர் ட்ராமில் ஏறுங்கள்... பைசா சுத்தமான கணக்கு. பி.காம். படித்த எனக்கே பொறாமை!

ஆனால் ஒரு வரவு விட்டுப்போச்சு சார். 1554-ல் தமிழ் முதன்முதலாக அச்சேறியது அதே லிஸ்பனில்தான், ரோமன் எழுத்தில். உழைத்தவர்கள் மூன்று தமிழர்கள். தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானது. அதைத் தந்த ஹென்ரீக்கஸ் பாதிரியார் பல வருஷம் வாழ்ந்தது, தாமிரபரணி கடலில் கலக்கும் நம்ம புன்னக்காயலில்.

ட்ராம் நம்பர் சொன்னவர் இதைச் சொல்லவில்லை. இங்கிலீஷ் கைடிலேயே கிடைக்கிற லிஸ்பனை எதற்குத் தமிழில் எழுதணும்?

அடுத்த கட்டுரைக்கு முன், ஒரு மார்கழி ஞாயிறு, ஆத்தூர் வழியாகப் புன்னக்காயல் போய்விட்டு வரட்டும். தனியாகவே!